ஐசியு ஆய்வில் நோயாளி சேர்ப்பைக் கணக்கு வைப்பது எப்படி

ஐசியுவில் நடக்கும் கிளினிக்கல் டிரையல் எதுவானாலும் மாதக் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்?" அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஒரு மருத்துவமனை "இரண்டு" என்கிறது. தகுதியானவர்கள் வந்ததே இரண்டு பேர்தானா, இருபது பேர் வந்து பதினெட்டுப் பேர் கைநழுவிப் போனார்களா என்பது அதில் தெரியாது. முதல் வகை என்றால் அங்கே செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது என்றால் வேலை நிறைய இருக்கிறது. சேராமல் போனவர்கள் எந்தப் படியில், எதனால் போனார்கள் என்று காட்டுவதுதான் சேர்ப்புக் கணக்கின் முக்கிய வேலை.

ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் நிலை) நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைப்பது உயிரைக் காக்குமா என்று சோதித்த புரோசேவா ஆய்வு 2013-இல் வெளியானது. பிரான்சில் 26 ஐசியுக்களிலும் ஸ்பெயினில் ஒன்றிலும் நடந்தது. அந்த இடங்களுக்கு வந்த ஏஆர்டிஎஸ் நோயாளிகள் 3449 பேர்; ஆய்வில் ரேண்டமைஸ் ஆனவர்கள் (எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டவர்கள்) 474 பேர், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒருவர். சேராத ஆறு பேருக்கும் கணக்கு இருந்தால்தான், அந்த முடிவு நம் வார்டில் படுத்திருப்பவருக்குப் பொருந்துமா என்று படிக்கிறவர் எடைபோட முடியும்.

இங்கே ஒரு செப்டிக் ஷாக் (தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் நிலை) ஆய்வை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். இடம், இந்தியாவில் ஒரு போதனா மருத்துவமனையின் ஐசியு. விதி: ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து தொடங்கி 24 மணி நேரத்துக்குள் நோயாளியைச் சேர்த்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் நான்கு வார எண்ணிக்கை

ஆய்வுக்கு ஒப்புக்கொள்ளும்போது துறைத் தலைவர் நினைவிலிருந்து சொல்லும் எண்ணை நம்பி இலக்கு வைக்காதீர்கள். ஆய்வு தொடங்கும்வரை வார்டு நிறைய இருந்த நோயாளிகள் தொடங்கிய மறுநாளே காணாமல் போவார்கள் என்று அமெரிக்க மருந்தியலாளர் லூயிஸ் லசானா சொன்னது இன்று அவர் பெயரிலேயே ஒரு விதியாக வழங்குகிறது. காரணத்தில் மர்மம் ஏதுமில்லை. நினைவில் இருப்பது நோயின் பெயர். ஆய்வு கேட்பதோ நோய், நேரம், விலக்கு விதிகள், உறவினர், ஒப்புதல் எல்லாம் ஒருசேரப் பொருந்துவது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதியுடன் கடந்த ஆண்டின் கேஸ் ஷீட்டுகளிலிருந்து மூன்று மாதங்களைப் பாருங்கள். பிறகு நான்கு வாரம், யாரையும் சேர்க்காமல், ஆய்வு நடப்பது போலவே தினமும் எண்ணுங்கள். பழைய கேஸ் ஷீட்டில் "உறவினர் எத்தனை மணிக்கு வந்தார்" என்பது இருக்காது. அதற்காகத்தான் இந்த இரண்டாவது எண்ணிக்கை. ஒரு கணக்குக்கு: மாதம் 90 பேர் ஐசியுவுக்கு வருகிறார்கள். செப்டிக் ஷாக் 18. அவர்களில் 24 மணி நேரக் கெடுவுக்குள் உங்கள் கண்ணில் பட்டவர்கள் 11. விலக்கு விதிகள் போக 7. கெடு முடியுமுன் பேசக்கூடிய உறவினர் கிடைத்தது 5 பேருக்கு. அதில் ஒப்புதல் 3. ஒப்புதலுக்கும் ரேண்டமைஸ் செய்வதற்கும் இடையில் ஒருவருக்கு நிலைமை மாறிவிடுகிறது. மீதி 2. இலக்கை 18-இலிருந்து யோசிக்காமல் இந்த 2-இலிருந்து யோசியுங்கள்.

இரண்டு என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். செப்டிக் ஷாக்கில் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்த அட்ரீனல் ஆய்வு 69 ஐசியுக்களில், 2013 மார்ச் முதல் 2017 ஏப்ரல் வரை 3800 பேரைச் சேர்த்தது. எல்லா ஐசியுக்களும் முழுக் காலமும் திறந்திருந்ததாக வைத்து வகுத்தால் ஓர் ஐசியுவுக்கு மாதம் ஒருவருக்குச் சற்று மேல். சில ஐசியுக்கள் தாமதமாகத் திறந்திருந்தால் உண்மை வேகம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். எப்படியும் மாதம் பத்து என்று விண்ணப்பத்தில் எழுதுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பல மைய ஆய்வில் இன்னொரு பிழை தவறாமல் நடக்கும். இலக்கு 240, மையங்கள் 8, ஒவ்வொன்றும் மாதம் 2: வகுத்தால் 15 மாதம். ஆனால் எட்டும் ஒரே நாளில் திறப்பதில்லை. மாதத்துக்கு ஒன்றாகத் திறந்தால் எட்டாம் மாத முடிவில் கையில் இருப்பது 36 மைய-மாதங்கள், 72 நோயாளிகள். மீதி 168 பேருக்கு இன்னும் பத்தரை மாதம் வேண்டும். மொத்தம் பதினெட்டரை. இந்த மூன்றரை மாதத்துக்கும் சேர்த்து மருந்தின் காலாவதித் தேதியும் காப்பீடும் கோஆர்டினேட்டர் சம்பளமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஸ்கிரீனிங் லாக்

ஆய்வுக்குப் பொருந்துவாரா என்று பார்க்கப்பட்ட ஒவ்வொருவரையும் பதியும் பட்டியல்தான் ஸ்கிரீனிங் லாக். முதலில் ஒரு வரையறை: யார் லாக்கில் ஏறுவார்? ஐசியுவுக்கு வந்த அனைவருமா, செப்டிக் ஷாக் என்று தெரிந்தவர்கள் மட்டுமா? இரண்டும் சரிதான், எல்லா மையங்களும் ஒன்றையே பின்பற்ற வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு மையம் 90 பேரையும், இன்னொன்று 18 பேரையும் "ஸ்கிரீன் செய்தோம்" என்று எழுதினால் இரண்டையும் கூட்டி வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எங்கள் பரிந்துரை: நோய்க்குரிய முதல் அடையாளம் தென்பட்டவர் அனைவரும். இந்த ஆய்வில் அது, தொற்று என்ற சந்தேகத்தோடு நார்அட்ரினலின் தொடங்கப்பட்டவர். மொத்த அட்மிஷன் எண்ணிக்கையை மாதம் ஒருமுறை ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து மேலே எழுதிவைத்தால் போதும்.

ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வேண்டிய பத்திகள் இவை:

- ஸ்கிரீனிங் எண், மையக் குறியீட்டோடு. ஒருமுறை கொடுத்த எண் மறுபடி யாருக்கும் போகக் கூடாது.
- வயது, பால். பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், போன் நம்பர் வேண்டாம்.
- ஐசியுவுக்கு வந்த தேதியும் நேரமும்.
- பூஜ்ஜிய நேரம், அதாவது கெடு ஓடத் தொடங்கிய தருணம். அது எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது.
- கெடு முடியும் தேதியும் நேரமும்.
- ஸ்கிரீன் செய்த நேரம், செய்தவரின் முதலெழுத்துகள்.
- ஒவ்வொரு சேர்ப்பு விதிக்கும் விலக்கு விதிக்கும் தனித்தனியே ஆம், இல்லை.
- உறவினரிடம் பேசத் தொடங்கிய நேரம், அவருடைய உறவு முறை, முடிவு, முடிவு வந்த நேரம்.
- ரேண்டமைஸ் செய்த நேரம், எண்.
- இறுதிக் குறியீடு.
- நோயாளி தெளிந்த பிறகு அவரிடமே ஒப்புதல் பெற்ற தேதி.

ஸ்கிரீனிங் எண்ணையும் ஐபி நம்பரையும் இணைக்கும் தாள் தனியாக, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மருத்துவமனையை விட்டு லாக் வெளியே போகும். அந்தத் தாள் போகாது. ஒப்புதல் தராதவர்களைப் பற்றி எவ்வளவு விவரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வயது, பால், மாதம், காரணக் குறியீடு, இவ்வளவு இருந்தால் போதும்.

"ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியே" என்பதைப் பலர் நேர விரயம் என்று நினைக்கிறார்கள். முதல் விலக்கு விதி பொருந்தியதும் அங்கேயே நிறுத்தி அதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து, "சிறுநீரகச் செயலிழப்பு என்ற விலக்கை எடுத்துவிட்டால் எத்தனை பேர் கூடுவார்கள்?" என்று ஆய்வுக் குழு கேட்கும். அந்த விதியால் 30 பேர் போனதாக உங்கள் லாக் சொல்லும். அவர்களில் 22 பேருக்கு வேறு விலக்குகளும் இருந்திருந்தால் கூடப்போவது 8 பேர்தான். முதல் காரணத்தோடு நிறுத்தியவரால் இதைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நிரப்புங்கள், கட்டுரையின் ஓட்டப்படத்துக்கு ஒரே காரணம் வேண்டியபோது, ஆய்வு நெறிமுறையில் எது முன்னால் வருகிறதோ அதை எடுங்கள்.

பூஜ்ஜிய நேரம்: பிழைகள் குவியும் இடம்

லாக்கில் அதிகத் தகராறு இந்த ஒரு பத்தியில்தான். நார்அட்ரினலின் எழுதப்பட்ட நேரம், பம்பில் ஓடத் தொடங்கிய நேரம், ஐசியுவுக்கு வந்த நேரம் என மூன்று இருக்கும். நெறிமுறை சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை; எழுதப்படுவது பெரும்பாலும் மூன்றாவது. எமர்ஜென்சியில் இரவு 11 மணிக்குத் தொடங்கி, படுக்கை கிடைத்து ஐசியுவுக்கு அதிகாலை 4 மணிக்கு வந்தவருக்குக் கெடு இரவு 11-இலிருந்தே ஓடுகிறது. வெளி மருத்துவமனையிலிருந்து வருபவருக்கு அங்கே தொடங்கிய நேரம்தான் கணக்கு. ரெஃபரல் சீட்டில் நேரம் இல்லையென்றால் அங்கேயே போன் செய்து கேட்டு, கேட்டதை யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

கடிகாரங்களைச் சரிபாருங்கள். மானிட்டர், ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) மெஷின், சுவர்க் கடிகாரம் மூன்றும் ஒரே நேரம் காட்டும் ஐசியு அபூர்வம். வாரம் ஒருமுறை மூன்றையும் போன் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் திருத்தச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் 24 மணி முறையிலேயே நேரத்தை எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் "12.30" என்று மட்டும் இருந்தால் அது பகலா நள்ளிரவா என்று அன்றைக்கே கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

அடுத்தது அலகுகள். 2016-இன் செப்சிஸ்-3 வரையறைப்படி செப்டிக் ஷாக் என்றால், போதிய திரவம் கொடுத்த பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65-இல் நிறுத்த மருந்து தேவைப்பட வேண்டும், லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். சில லேப்கள் லாக்டேட்டை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தருகின்றன. அங்கே எல்லை 18. லேப் தாளில் 16 என்று பார்த்துவிட்டு "லாக்டேட் ரொம்ப அதிகம்" என்று தகுதி கொடுத்துவிடும் தவறு நடக்கும். ஒன்பதால் வகுத்த பிறகே லாக்கில் ஏற்றுங்கள்.

நார்அட்ரினலின் அளவு இன்னும் சிக்கலானது. நர்சிங் சார்ட்டில் மணிக்கு இத்தனை மி.லி. என்றிருக்கும், நெறிமுறையோ கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கேட்கும். 50 மி.லி. சிரிஞ்சில் 8 மி.கி. இருந்தால் ஒரு மி.லி.யில் 160 மைக்ரோகிராம். மணிக்கு 5 மி.லி. ஓடினால் 800, நிமிடத்துக்கு 13.3. எடை 60 கிலோ என்றால் 0.22. அதே நோயாளி உண்மையில் 80 கிலோ என்றால் 0.17. எல்லை 0.2 என்று இருக்கும் ஆய்வில், எடையைக் குத்துமதிப்பாக எழுதியதிலேயே ஒருவர் உள்ளே வருவதும் வெளியே போவதும் தீர்மானமாகிவிடுகிறது. படுக்கைத் தராசு இல்லாவிட்டால் எடையை எப்படி எடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். ஆம்பூலையும் ஒருமுறை கையில் எடுத்துப் படியுங்கள்: 4 மி.கி. பைடார்ட்ரேட் என்பது 2 மி.கி. நார்அட்ரினலின் பேஸ். நெறிமுறை எதைச் சொல்கிறது என்று தெரியாமல் கணக்குப் போட்டால் அளவு இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

ஏஆர்டிஎஸ் ஆய்வு என்றால் இதே கவனம் பி/எஃப் விகிதத்துக்கு, அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை எஃப்ஐஓ2-வால் (சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) வகுத்து வரும் எண்ணுக்கு. ஆக்சிஜன் அழுத்தம் 72, எஃப்ஐஓ2 0.6 என்றால் விகிதம் 120. ரத்தம் எடுத்த நேரத்தில் வென்டிலேட்டரில் இருந்த எஃப்ஐஓ2-வை எடுங்கள்; ரிசல்ட் வந்த நேரத்தில் அதைக் குறைத்திருப்பார்கள்.

காரணக் குறியீடுகள்

ஸ்கிரீன் செய்தவர், தகுதியானவர், அணுகப்பட்டவர், ரேண்டமைஸ் ஆனவர் என்ற நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை 2018-இல் சியர் என்ற பெயரில் வெளியானது. ஐசியுவுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. எந்தப் படியில் நோயாளி நின்றார் என்பதற்கு ஓர் எழுத்தும், ஏன் என்பதற்கு ஓர் எண்ணும் வைத்தால் போதும்.

தகுதி இல்லாதவர்களுக்கான குறியீடுகள் நெறிமுறையிலேயே இருக்கின்றன. யோசித்து உருவாக்க வேண்டியவை தகுதி இருந்தும் அணுகப்படாதவர்களுக்கானவை: கெடு முடிந்த பிறகு தெரியவந்தது, இரவு அல்லது விடுமுறை, ஆள் இல்லை, உறவினர் யாரும் இல்லை, அணுகுமுன் இறந்துவிட்டார், அணுகுமுன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், வேறு ஆய்வில் ஏற்கனவே இருக்கிறார், மருந்து கையிருப்பில் இல்லை, சிகிச்சை மருத்துவர் வேண்டாம் என்றார். கடைசியாகச் சொன்னது குப்பைத் தொட்டியாக மாறிவிடும். மருத்துவர் வேண்டாம் என்றால் ஏன் என்று ஒரு வரி கேளுங்கள். "இந்த நோயாளிக்கு ஸ்டீராய்டு கட்டாயம் வேண்டும்" என்பது ஒரு காரணம். "ரொம்ப மோசமாக இருக்கிறார், இப்போது போய் உறவினரிடம் எதையும் கேட்காதீர்கள்" என்பது வேறு காரணம். முதலாவது, இரு சிகிச்சைகளும் சமம்தானா என்பதில் மருத்துவருக்கு உள்ள சந்தேகம். ஆய்வாளர் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவதுக்கு, எப்போது கேட்கலாம் என்று அவரையே நேரம் குறிக்கச் சொல்லலாம்.

"அணுகுமுன் இறந்துவிட்டார்" என்பதைத் தவறவிட்டவர்களோடு சேர்க்காதீர்கள். அது யாருடைய அலட்சியமும் இல்லை. ஆனால் எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். மிக மோசமான நோயாளிகள் ஆய்வுக்குள் வராமலே போகிறார்கள் என்பதைக் காட்டும் ஒரே தடயம் அதுதான்.

"மற்றவை" என்ற குறியீடு தேவைதான். பத்தில் ஒருவருக்கு மேல் அதில் விழுந்தால், உள்ளே இருப்பதைப் படித்துப் புதுக் குறியீடு உருவாக்குங்கள்.

தினசரி ஓட்டம்

காலையில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் நில்லுங்கள். எமர்ஜென்சி ரெஜிஸ்டர், ஐசியு அட்மிஷன் ரெஜிஸ்டர், இனோட்ரோப் (ரத்த அழுத்த மருந்து) சார்ட், ஏபிஜி புத்தகம் நான்கையும் பாருங்கள். ரெஜிஸ்டரை மட்டும் பார்ப்பவர், மூன்று நாள் முன்பு பக்கவாதத்துக்கு வந்து நேற்று இரவு செப்டிக் ஷாக்குக்குப் போனவரைத் தவறவிடுவார். மதியம் ஒருமுறை, வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். பழகிவிட்டால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம்.

இதைவிடப் பலன் தருவது, நார்அட்ரினலின் தொடங்கியதும் ஸ்டாஃப் நர்ஸ் ஆய்வு போனுக்கு அழைப்பது. மருந்து ட்ரேயிலேயே அந்த எண்ணை ஒட்டிவையுங்கள். "படுக்கை 7, நேரம் 21:40" என்பது போதும். வாட்ஸ்அப்பில் நோயாளி பெயரும் கேஸ் ஷீட் படமும் வேண்டவே வேண்டாம். தகுதி இருக்கலாம் என்று தெரிந்ததும் கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் கெடு முடியும் நேரத்தை எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுங்கள். டியூட்டி பிஜியின் (முதுநிலை மாணவ மருத்துவரின்) கண்ணில் அது பட்டுக்கொண்டே இருக்கும்.

கோஆர்டினேட்டர் ஆறு நாள், காலை 9 முதல் மாலை 5 வரை இருக்கிறார் என்றால் வாரத்தின் 168 மணி நேரத்தில் 48-இல்தான் ஆள் இருக்கிறது. கெடு 24 மணி என்பதால் வாரநாள் இரவுகள் பெரிய பிரச்சினை இல்லை. மறுநாள் காலை குறைந்தது எட்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். பள்ளம் ஒரே இடத்தில்தான்: சனிக்கிழமை மாலை 5 முதல் ஞாயிறு காலை 9 வரை தொடங்கியவர்களுக்குத் திங்கள் காலை வருமுன் கெடு முடிந்துவிடும். ஞாயிறு காலை 10 மணிக்கு ஒருவர் இரண்டு மணி நேரம் வந்தால் அந்தப் பள்ளம் மூடிவிடும். இரவுப் பணிக்கு இன்னொரு ஆள் கேட்டுப் போராடுமுன், தவறவிட்டவர்களின் பூஜ்ஜிய நேரத்தைக் கிழமைவாரியாக அடுக்கிப் பாருங்கள். கெடு ஆறு மணி நேரம் என்றால் கதை வேறு. அங்கே இரவு டியூட்டி பிஜிக்களே ஒப்புதல் பேசப் பயிற்சி பெற்று, பொறுப்பு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

உறவினரும் ஒப்புதலும்

செப்டிக் ஷாக்கில் நோயாளி பெரும்பாலும் தானே ஒப்புதல் தரும் நிலையில் இருக்க மாட்டார். சட்டப்படி அவர் சார்பில் ஒப்புதல் தரத் தகுந்தவரிடம் பேச வேண்டும். ஐசியு வாசலில் அட்டெண்டர் பாஸோடு நிற்பவர் பெரும்பாலும் மருமகன், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அவர் "சரிங்க டாக்டர், போடுங்க" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. முதல் கேள்வியே "வீட்டில் முடிவு எடுக்கிறவர் யார், எப்போது வருவார்?" என்பதாக இருக்கட்டும். அந்த நேரத்தை லாக்கில் எழுதுங்கள்.

"பெரியவர் ஊரிலிருந்து வரணும்" என்பதை மறுப்பு என்று குறிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது மறுப்பு இல்லை. "முடிவுக்குக் காத்திருந்தபோது கெடு முடிந்தது" என்று தனிக் குறியீடு வையுங்கள். இந்தக் குறியீட்டில் ஆட்கள் சேர்ந்தால், போனில் முன்கூட்டியே விளக்கிவிட்டு நேரில் வந்ததும் கையெழுத்து வாங்க எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குமா என்று கேட்கலாம். உண்மையான மறுப்புக்குக் காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "பரிசோதனைக்கு விட மாட்டோம்" என்பதும் "இன்னும் ரத்தம் எடுக்காதீங்க" என்பதும் ஒரே குறியீட்டில் மறைந்துவிட்டால், இரண்டாவதற்கு இருக்கும் எளிய தீர்வும் மறைந்துவிடும்: ஆய்வு ரத்தத்தை வழக்கமான ரத்தத்தோடு ஒரே நேரத்தில் எடுப்பது.

இந்தியாவில் 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள், ஒப்புதல் தருபவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பேச்சு முழுவதும் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. புதிய ரசாயன மூலக்கூறைச் சோதிக்கும் ஆய்வில், தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ளவர்களின் ஒப்புதல் பேச்சை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். இரவு 2 மணிக்கு கேமராவில் சார்ஜ் இல்லாமல் ஒரு நோயாளியை இழப்பது உண்டு. அதற்கும் குறியீடு வையுங்கள், சார்ஜரை ஐசியுவிலேயே வையுங்கள். பிரிட்டனில் 2006-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அவசர நிலையில் முதலில் சேர்த்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் கேட்க வழி இருக்கிறது. வெளிநாட்டு நெறிமுறையின் நகலில் அந்தப் பத்தி வரும். உங்கள் எத்திக்ஸ் கமிட்டி எதற்கு அனுமதி கொடுத்ததோ அதுதான் உங்களுக்கு விதி.

நோயாளி தெளிந்ததும் அவரிடமே ஒப்புதல் கேட்பது அதிகம் மறந்துபோகும் வேலை. வார்டுக்கு மாற்றியதும் ஆய்வுக் குழுவின் கண்ணிலிருந்து அவர் மறைந்துவிடுகிறார். அந்தப் பத்தி காலியாக இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு திங்களும் எடுத்து, வார்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். தன் உடலில் என்ன செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளவும், தொடர வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

ரேண்டமைஸ் செய்யும் நிமிடம்

பொத்தானை அழுத்துமுன் தகுதிப் பட்டியலை மறுபடி படியுங்கள். காலையில் தகுதியாக இருந்தவர் மாலையில் மருந்தே நின்று தேறியிருக்கலாம். ஒப்புதல் நேரம் முன்னால், ரேண்டமைஸ் நேரம் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள்; ஆய்வைச் சரிபார்க்க மானிட்டராக வருபவர் முதலில் ஒப்பிடுவது இந்த இரண்டையும்தான். தவறுதலாகத் தகுதியற்றவர் ரேண்டமைஸ் ஆகிவிட்டால் வரியை அழிக்காதீர்கள். அவர் ரேண்டமைஸ் ஆனவர்தான். எண்ணும் அவருக்கே உரியது. விதிமீறலாகப் பதிந்து தெரிவியுங்கள்.

"லாமா", அதாவது மருத்துவர் பேச்சை மீறி வீட்டுக்கு அழைத்துப் போவது, இங்கே சாதாரணம். 28-ஆம் நாளில் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் ஆய்வின் கேள்வி என்றால், ஒப்புதல் வாங்கும்போதே இரண்டு வெவ்வேறு வீடுகளின் போன் எண்களை அனுமதியோடு வாங்கி, பூட்டிய தாளில் வையுங்கள்.

வாரக் கணக்கு

ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து எண்கள்: ஸ்கிரீன், தகுதி, அணுகல், ஒப்புதல், ரேண்டமைஸ். பகுதி எண் இருபதுக்குக் கீழே இருக்கும்வரை சதவீதம் போடாதீர்கள். "4-இல் 3" என்றே எழுதுங்கள்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். மூன்று மையங்கள், ஒவ்வொன்றிலும் 40 பேர் ஸ்கிரீன், ஒவ்வொன்றும் 3 பேரைச் சேர்த்திருப்பதாக வையுங்கள். முதல் மையத்தில் தகுதி 9, அணுகியது 8, ஒப்புதல் 3: சிக்கல் பேச்சில் இருக்கிறது. யார் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார், தாள் எத்தனை பக்கம் என்று பாருங்கள். இரண்டாவதில் தகுதி 9, அணுகியது 4, ஒப்புதல் 3: ஐந்து பேரைத் தவறவிட்டிருக்கிறார்கள். இதில் ஒப்புதல் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பாராட்டிவிடாதீர்கள். சம்மதிப்பார்கள் என்று தோன்றியவர்களிடம் மட்டும் கேட்டிருக்கலாம். மூன்றாவதில் தகுதியே 3: அங்கே போய் விலக்கு விதிகளை வரிவரியாகப் பாருங்கள், சிலவற்றை நெறிமுறையை விட இறுக்கமாகப் படிக்கிறார்கள்.

ஒரு மாதம் யாரும் சேரவில்லை என்றதும் பதற வேண்டாம். சராசரி மாதம் 2 என்று உள்ள மையத்தில், எந்தத் தவறும் இல்லாமலே, சுமார் ஏழு மாதத்தில் ஒரு மாதம் பூஜ்ஜியமாக வரும். இரண்டு மாதம் தொடர்ந்து பூஜ்ஜியம் வருவது ஏறத்தாழ ஐம்பத்தைந்தில் ஒரு வாய்ப்பு. அப்போது கேள்வி கேளுங்கள். பருவத்தையும் மறக்காதீர்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளால் படுக்கைகள் நிறையும். உங்கள் ஆய்வின் தகுதிப் பட்டியல் அந்த மாதங்களில் வேறாகவே இருக்கும்.

தவறவிட்டவர்களின் எண்ணிக்கையை ஐசியு சுவரில் ஒட்டுங்கள், ஆட்களின் பெயர் இல்லாமல். "இந்த மாதம் ஞாயிறு 3 பேர்" என்பதைப் பார்க்கிற நர்ஸ், அடுத்த ஞாயிறு போனை எடுப்பார். யாரையாவது குற்றம் சாட்டும் தாளாக அது மாறினால், தவறவிட்டவர்கள் லாக்கில் ஏறுவதே நின்றுவிடும். கணக்கு அழகாகி, ஆய்வு படுத்துவிடும்.

தாளிலும் எக்செலிலும்

ஒரு வாரத்துக்கு உண்டானதை ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பிய லாக்கைப் பார்த்தவுடனே தெரியும். வார இறுதியில் நிரப்புபவருக்கு நினைவில் இருப்பது சேர்ந்தவர்கள்தான். பிழையை ஒரே கோட்டால் அடித்து, முதலெழுத்தும் தேதியும் போடுங்கள், ஒயிட்னர் கூடாது.

எக்செலில் 03-10 என்பது அக்டோபர் 3 ஆகவும் மார்ச் 10 ஆகவும் மாறும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் வைத்தால், கழித்து 24-ஆல் பெருக்க மணிக்கணக்கு கிடைக்கும். நேரத்தை மட்டும் தனியே வைத்தால் நள்ளிரவு தாண்டியவர்களுக்கு எதிர்மறை எண் வரும். லாப நோக்கற்ற நிறுவனம் என்றால் ரெட்கேப் என்ற தரவு சேகரிப்பு மென்பொருளைக் கட்டணமின்றிப் பெறலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது தானே பதிந்துகொள்ளும்.

ஐசியுவிலிருந்து வார்டுக்குப் போய்த் திரும்பி வந்தவருக்குப் புது வரி வேண்டும். பழைய ஸ்கிரீனிங் எண்ணைக் குறிப்பில் காட்டுங்கள். இல்லையென்றால் ஒருவரே இரண்டு பேராக எண்ணப்படுவார்.

மாத முடிவில் லாக்கில் உள்ள ரேண்டமைஸ் எண்களை மைய சர்வர் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் கிளினிக்கல் டிரையல்களை சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவு முடிந்திருக்க வேண்டும். சேர்ப்பு தொடங்கிய தேதி, நிறுத்தியது, முடிந்தது என ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கே புதுப்பியுங்கள். கடைசி நோயாளி சேர்ந்த அன்று லாக்கை மூடி, நகலெடுத்து, கட்டுரையில் வரப்போகும் கன்சார்ட் ஓட்டப்படத்தின் பெட்டிகளை அன்றைக்கே நிரப்பிப் பாருங்கள். மேல் பெட்டியிலிருந்து விலக்கப்பட்டவர்களைக் கழித்தால் ரேண்டமைஸ் ஆனவர்கள் வர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அவர் யார் என்று தேட அப்போதுதான் வழி இருக்கும். கேஸ் ஷீட் ரெக்கார்ட் ரூமுக்குப் போன பிறகு இருக்காது.